கரிக்கோடும் சுண்ணாம்பும்

எனக்கு எண்பத்திரண்டு வயசு. பெற்றது ஐந்து, வளர்ந்து ஆளானது நாலு. நாய்கள் பதினொன்று. பிள்ளைகளைச் சொல்லும்போது நாய்களையும் சேர்த்துச் சொன்னால் என் மருமகள் முகத்தைச் சுளிப்பாள். சுளிக்கட்டும். சோறு போட்ட கை என்னுடையது.

துரை பங்களாவில் நான் நாய் வளர்த்த கதையைப் போன வாரப் பத்திரிகையில் படித்துவிட்டு ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். நான் சொல்லச் சொல்ல எழுதித் தருகிற பேத்தி செல்வி படித்துக் காட்டினாள். "நாய்க்குப் பிரசவம் பார்க்க ஆள் எதற்கு? அது பாட்டுக்கு ஒரு மூலையில் போட்டுக்கொள்ளும்" என்று எழுதியிருக்கிறார். அவர் வீட்டிலும் ஒரு பெட்டை இருக்கிறதாம். இந்த மாதம் ஜோடி சேர்க்கப் போகிறாராம்.

ஐயா, ஜப்பான்காரன் குண்டு போடப் போகிறான் என்று ஊரே காலி செய்துகொண்டு ஓடின கதையை இந்த வாரம் சொல்வதாக இருந்தேன். அது கிடக்கட்டும். இது உமக்காக.

மூடிக் கிடந்த கேட்

பொங்கல் கழிந்து நாலாம் நாள். உச்சி வெயில். கொருக்குப்பேட்டை ரயில் கேட் மூடிக் கிடக்கிறது. கை ரிக்‌ஷாவில் நான். என் மடியில் சாக்கு, சாக்கின் மேல் குட்டி போட முடியாமல் தவிக்கிற பிச்சி. பக்கத்தில் பாத்துமா ராத்தா, எங்கள் லைன் வீடுகளுக்கெல்லாம் பிள்ளைப்பேறு பார்க்கிறவள். நல்லெண்ணெய் தடவின அவள் கை பிச்சியின் வயிற்றை விடவேயில்லை.

கூட்ஸ் வண்டி முன்னே போகும், நிற்கும், பின்னே வரும். பெட்டி கோக்கிறார்களாம். இரும்போடு இரும்பு இடிக்கிற ஒவ்வொரு சத்தத்துக்கும் பிச்சியின் உடம்பு தூக்கிப் போட்டது. கரிப்புகை வேறு. அதன் மூக்கு நுனி காய்ந்து வெடித்திருந்தது. நான் முந்தானையை நனைத்துத் துடைத்துக்கொண்டே இருந்தேன்.

கேட்டில் நின்ற ஜனங்களுக்கு வேடிக்கை.

"இன்னாமே, நாய்க்கு சீமந்தமா? வளையலு எங்க?"

"பல்லக்கு கிடைக்கலியா, ரிக்‌ஷாவுல இட்டுகினு போற?"

ரிக்‌ஷா இழுத்த முனுசாமி தான் பதில் சொன்னான். "போன வாரம் குடிச்சிட்டு வாந்தியெடுத்த ஒன்னிய மாதிரி ஆளை ஏத்திகினு போனேன் நைனா. இது அந்தளவுக்கு கலீஜ் இல்ல."

எல்லாரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கேட்காரரிடம் போய்க் கத்தினேன். அவர் பச்சைக் கொடியைச் சுருட்டிக்கொண்டே, "ரயிலு ஒனக்கும் நிக்காது, கவர்னருக்கும் நிக்காது. போய் ஒக்காரு" என்றார். அவர் மேல் தப்பில்லை. அது இன்றைக்குத் தெரிகிறது. அன்றைக்கு அவரைக் கடித்துத் துப்பியிருப்பேன்.

துரைசானியின் மரப்பெட்டி

பிச்சி முதலில் எங்கள் நாய் இல்லை. ஒரு எண்ணெய்க் கிடங்கு துரையின் நாய். துரைசானி அதற்கு வைத்த பேர் பிக்ஸி. எங்கள் லைனில் யார் வாயிலும் அது நுழையவில்லை. பிச்சி ஆகிவிட்டது. முழங்கால் உயரம் கூட இல்லை. வெள்ளை உடம்பில் ஒரு கண்ணுக்கு மட்டும் கறுப்பு.

கல்யாணமாகி வந்ததும் நான் அந்த பங்களாவில் நாய் குளிப்பாட்டும் வேலைக்குப் போனேன். துரைசானி என்னோடு நாலு வார்த்தை தமிழில் பேசுவாள். மூன்று தப்பாக இருக்கும். ஆனால் ஒரு நாய்க்குக் குட்டி எடுப்பதென்றால் அவளைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டும்.

பெட்டைக்கு இரண்டு வயசு ஆகவேண்டும். கடுவன் அதன் அளவுக்கு மேல் போகக் கூடாது. சேர்த்த தேதியை எழுதி மாட்டுவாள். அதிலிருந்து ஒன்பது வாரம். ஏழாம் வாரத்திலேயே ஆசாரியைக் கூப்பிட்டு ஒரு மரப்பெட்டி செய்வாள். உள்ளே சுற்றிலும் நாலு விரல் அகலத்துக்குக் கட்டை அடிக்கச் சொல்லுவாள். தாய் சாய்ந்து படுத்தால் குட்டி நசுங்காமல் அந்தக் கட்டைக்குக் கீழே ஒதுங்கிக்கொள்ளும். வேகவைத்த நூல், கத்தரிக்கோல், பழைய துணி எல்லாம் தலைமாட்டில் இருக்கும்.

கடைசி வாரம் காலையும் மாலையும் காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குச்சி. எனக்கு எண் படிக்க வராது. அந்தக் குச்சியில் ஒரு சிவப்பு அம்பு இருக்கும். பாதரசம் எப்போதும் அதற்கு மேலேதான் நிற்கும். அம்புக்குக் கிட்டே இறங்கிவிட்டால் மறுநாளுக்குள் குட்டி. அது மட்டும் எனக்குப் போதுமாக இருந்தது.

இன்னொன்றும் சொல்லுவாள். குட்டி வருமுன்னே பச்சைத் தண்ணி வந்தால் நீ ஒன்றும் செய்யாதே, ஆஸ்பத்திரிக்கு வண்டி கட்டு. கடைசி வாரம் முழுக்க பங்களா வாசலில் வண்டி பூட்டியே நிற்கும். எனக்கு அது ஆடம்பரமாகத் தோன்றியது. ஆனால் நான் பிறந்தது நெட்டுக்குப்பம். எங்கள் அப்பன் கட்டுமரத்தைத் தள்ளும் முன்னே போவதற்கான காற்றைப் பார்க்க மாட்டார், திரும்பி வருவதற்கான காற்றைத்தான் பார்ப்பார். துரைசானி செய்ததும் அதுதான் என்று பிறகு புரிந்தது.

வெள்ளைக்காரர்கள் கப்பலேறினபோது எத்தனையோ பேர் நாயைச் சுட்டுவிட்டுப் போனார்கள். துரைசானி பிச்சியை என் கையில் கொடுத்துவிட்டு அழுதாள். மரப்பெட்டியையும் கொடுத்தாள். கண்ணாடிக் குச்சியைக் கேட்டிருக்கலாம். நான் எதையும் கேட்டு வாங்கிப் பழகினவள் இல்லை. அது அவளோடு கப்பலேறிவிட்டது.

நான் இல்லாத நாள்

துரை போனதும் ஹெட் கிளார்க்கு தான் அந்தக் கிடங்குக்கு எல்லாமும். பேர் சொல்ல மாட்டேன். அவருக்கும் பேரன் பேத்தி இருப்பார்கள். என் வீட்டுக்காரர் அங்கே காவல்காரர்.

கிளார்க்கிடம் ஒரு கடுவன் இருந்தது. கன்றுக்குட்டி உயரம், ஓநாய் முகம். பிச்சியையும் அதையும் சேர்த்துக் குட்டி எடுத்தால் கம்பெனியின் பெரிய மனிதர்களுக்குப் பரிசாகக் கொடுக்கலாம், மேனேஜர் நாற்காலி நிலைக்கும் என்று அவருக்கு நினைப்பு.

"முடியாதுங்க" என்றேன். "ஒங்க நாயி எங்க, இது எங்க. தல பெருசா உருவாச்சுன்னா வெளிய வராது."

"நீ என்ன பெரிய டாக்டரா? நாயைக் குளிப்பாட்டினவளுக்கு இம்புட்டு வாய் ஆவாது."

"குளிப்பாட்டினதால தாங்க தெரியும். அதோட இடுப்பு எலும்பு என் கைக்குத் தெரியும்."

அவர் என்னோடு பேசுவதை விட்டுவிட்டார். என் வீட்டுக்காரரிடம் பேசினார். நாயைக் கொண்டு வா, இல்லையென்றால் காவலுக்கு வேறு ஆள். நான் ஆத்தாவைப் பார்க்க நெட்டுக்குப்பம் போயிருந்த ஒரு நாளில், இந்த மனுஷன் பிச்சியைக் கயிற்றில் கட்டிக்கொண்டு போய் நிறுத்திவிட்டு வந்தார். நான் திரும்பி வந்ததும் அவர் வாயாலேயே சொன்னார். ஒளிக்கத் தெரியாத ஆள்.

அன்றைக்கு அவரோடு பேச்சை நிறுத்தினேன். சோறு வைப்பேன், தண்ணீர் வைப்பேன், பேச மாட்டேன். "இன்னாமே, வாயத் தொறமே" என்று சுற்றிச் சுற்றி வருவார். நான் பிச்சியைப் பார்த்து, "சில பேரு வேலைக்காவ எத்த வேணா கட்டி இட்டுகினு போவாங்கடி" என்பேன்.

கிளார்க்கிடம் போய் நின்றேன். "ஆனது ஆச்சு. அந்த நேரத்துக்கு வண்டி வேணுங்க. கிடங்கு ஜட்கா வண்டி வாசல்ல நிக்கணும்."

"நிக்கும் போ. எந்த நாள்னு மட்டும் முன்கூட்டியே சொல்லு."

போகி

எனக்குத் தேதி எழுதத் தெரியாது. பிச்சியைச் சேர்த்த நாளிலிருந்து கதவுக்குப் பின்னால் சுவரில் கரியால் கோடு போட்டேன், நாளுக்கு ஒன்று. வெள்ளிக்கிழமைக்கு மட்டும் நீளக்கோடு. ஒன்பது நீளக்கோடு வந்தால் பிரசவம். கோட்டை எண்ணிக்கூடப் பார்க்க மாட்டேன். சுவர் இருக்கிறதே என்ற தெம்பு.

போகி வந்தது. விடியும் முன்னே பழம்பாய் எரித்து, வீட்டைக் கழுவி, சுண்ணாம்பு கரைத்து, தென்னை மட்டையை நசுக்கித் தோய்த்து அடித்தேன். வருஷா வருஷம் அடிக்கிற கை. எங்கள் லைனில் என் வீடுதான் வெள்ளையாக இருக்கும், அதில் எனக்கு ஒரு கர்வம். கதவை இழுத்து, பின்னால் இருந்த சுவரையும் இரண்டு இழுப்பில் அடித்து முடித்து, மட்டையைத் தண்ணீரில் போட்ட பிறகுதான் என்ன செய்தேன் என்று தெரிந்தது.

ஈரம் காயாத சுவரில் கன்னத்தை வைத்துப் பக்கவாட்டில் பார்த்தேன். ஒரு கோடும் தெரியவில்லை. நல்ல சுண்ணாம்பு.

உட்கார்ந்து யோசித்தேன். கார்த்திகை தீபத்தை ஒட்டி நான் இரண்டு தடவை நெட்டுக்குப்பம் போனேன். தீபத்துக்கு முன்னே ஒரு தடவை, ஆத்தாவுக்குக் காய்ச்சல். எட்டு நாள் கழித்து இன்னொரு தடவை. பிச்சியைக் கொண்டுபோனது முதல் தடவையா, இரண்டாம் தடவையா?

வாசலில் உட்கார்ந்து கால் கழுவிக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர். கேட்டால் ஒரு வார்த்தையில் சொல்லியிருப்பார். நான் கேட்கவில்லை. வாயைத் திறந்து முதலில் பேசுவது நானாக இருக்கக் கூடாது.

இரண்டாம் தடவை தான் என்று நானே முடிவு செய்தேன். அந்தக் கணக்கில் பொங்கல் கழிந்து பன்னிரண்டாம் நாள் வந்தது. கிளார்க்கிடம் அதையே போய்ச் சொன்னேன்.

ஓமத் தண்ணீர்

பொங்கல் கழிந்த நாலாம் நாள் காலையில் பிச்சி சோற்றைத் தொடவில்லை. சாக்கைப் பிறாண்டியது. நடுங்கியது. இளைத்தது. பங்களாவில் ஆறு பிரசவம் பார்த்தவள் நான். அந்தக் குறிகளைக் கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். ஆனால் நாள் இன்னும் எட்டு இருக்கிறதே. நேற்று பக்கத்து வீட்டுக்காரி மிச்சச் சர்க்கரைப் பொங்கலைப் போட்டாள், அந்த மந்தம் என்று நினைத்தேன். ஓமத் தண்ணீர் புகட்டிவிட்டு, துணி மூட்டையைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போனேன்.

குழாயடியில் அன்றைக்குக் கூட்டம். ஒரு சண்டை வேறு. நின்று வேடிக்கை பார்த்தேன். அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும்.

திரும்பி வந்தபோது பிச்சி கட்டிலுக்கு அடியில் கிடந்தது. வால் பக்கம் பாசி மாதிரி பச்சைத் தண்ணீர். முக்கி முக்கி அதற்குச் சத்தம் கூட வரவில்லை.

பாத்துமா ராத்தா வீட்டுக்கு ஓடினேன். நாய் பட்டால் அவர்கள் மார்க்கத்தில் ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒரு தடவை மண்ணு போட்டு. எனக்குத் தெரியும். தெரிந்துதான் போய் நின்றேன்.

"ராத்தா, நாயி தான். வரமாட்டேன்னாலும் கோவிச்சிக்க மாட்டேன்."

முக்காட்டை இழுத்துவிட்டு எழுந்தாள். "மண்ணு தெருவுல நெறைய கீது. நட."

வந்து எண்ணெய் விட்டு ஒரு விரலால் மட்டும் பார்த்தாள். அவள் முகம் மாறியது. "ஒண்ணே ஒண்ணு. தல பெருசு, சிக்கிகினு கீது. இழுக்க மாட்டேன்டி. இழுத்தா தாயும் பூடும். இது என் கைக்கு மீறினது. வண்டியப் பாரு."

என் கைக்கு மீறினது என்று சொல்ல ஒரு படிப்பு வேண்டும். அது அவளிடம் இருந்தது.

வண்டி எங்கே? கிளார்க்கு குடும்பத்தோடு காலடிப்பேட்டைக்குப் போயிருந்தார், கிடங்கு ஜட்காவில். மச்சினிக்கு வளைகாப்பு.

கிடங்கு வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். காவல் தடியைச் சுவரில் சாத்திவிட்டு, தெருமுனைக்கு ஓடி முனுசாமியைக் கூட்டி வந்தார். எங்கள் பின்னாலேயே வந்தார். காவலை விட்டு வந்தால் வேலை போகும் என்பது அவருக்குத் தெரியும்.

கேட் திறந்தது

கடைசி கூட்ஸ் பெட்டி நகர்ந்ததும் கேட்டுக்கு எதிர்ப்புறம் நின்றது எது தெரியுமா? கிடங்கு ஜட்கா. உள்ளே கிளார்க்கு, அவர் சம்சாரம், அந்த மச்சினிப் பெண். வளையல் போட்ட கையோடு தாய்வீட்டுக்குக் கூட்டி வருகிறார்கள். அந்தப் பெண்ணின் தாய் இருந்தது கிளார்க்கு வீட்டில்தான்.

கேட் ஏறினதும் நான் ஓடிப்போய்க் குதிரையின் கடிவாளக் கயிற்றைப் பிடித்தேன்.

"வண்டியக் குடுங்க. வேப்பேரி மாட்டாஸ்பத்திரிக்குப் போவணும். ரிக்‌ஷா போய்ச் சேர்றதுக்குள்ள செத்துடும்."

"கயித்த விடு. கர்ப்பிணி ஒக்காந்திருக்கிற வண்டி இது. அதுல சாவக் கிடக்கிற நாயை ஏத்தறதா?"

"ஒங்க நாயோட குட்டிங்க அது. நான் வாணாம்னு சொன்னேன். என்னிய ஏமாத்தி சேத்தீங்க. வாசல்ல வண்டி நிக்கும்னு சொன்னீங்க."

"நீ சொன்ன நாளுக்கு இன்னும் எட்டு நாள் இருக்கே. நாளைத் தப்பா சொன்னது நீ."

கேட்டடியில் அத்தனை பேரும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். பிடித்த கயிற்றை மட்டும் நான் விடவில்லை.

வளையல் சத்தம் கேட்டது. அந்தப் பெண் இறங்கிக்கொண்டிருந்தாள். கன்னத்தில் சந்தனம் காய்ந்து உதிர்ந்தது. வயிற்றைத் தாங்கிக்கொண்டு ஒரு கால், பிறகு ஒரு கால்.

"ஏறு, ஏறு உள்ள" என்று கிளார்க்கு பதறினார்.

"எனக்கு இன்னும் ரெண்டு மாசம் கீது மாமா. அதுக்கு இப்ப தான் கீது. நான் நிக்கிறேன்."

தண்டவாளத்துக்குப் பக்கத்தில், வெயிலில், இரண்டு கை நிறைய வளையலோடு நின்றாள். அவள் அக்காள் திட்டிக்கொண்டே இறங்கினாள். அத்தனை பேர் முன்னால் கிளார்க்கால் உட்கார்ந்திருக்க முடியவில்லை. அந்தப் பெண்ணின் பேர் எனக்குத் தெரியாது. அப்புறம் நான் அவளைப் பார்க்கவும் இல்லை. அவளுக்கு நல்லபடியாகப் பிறந்தது என்று மட்டும் ராத்தா சொன்னாள்.

டாக்டர் கேட்டது

வேப்பேரி ஆஸ்பத்திரியில் இருந்தவர் இளவயசு டாக்டர். பிச்சியை மேஜையில் போட்டதும் சட்டைக் கையை மடக்கினார். ஆயுதம் போட்டு எடுத்தார்கள். ஒரே குட்டி. அதன் தலை என் கைப்பிடி அளவு. வெள்ளை உடம்பு, ஒரு கண்ணுக்குக் கறுப்பு. மூச்சில்லை. ராத்தா அதன் நெஞ்சைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள், டாக்டர் போதும் என்று சொல்லும் வரைக்கும்.

பிச்சி பிழைத்தது.

டாக்டர் கையைக் கழுவிவிட்டு நோட்டை எடுத்தார். "வலி எப்ப ஆரம்பிச்சது?"

"மத்தியானம் தாங்க" என்றேன்.

என்னை ஒரு பார்வை பார்த்தார். "ரெண்டு மணி நேரம் முன்னாடி கொண்டுவந்திருந்தா குட்டி பிழைச்சிருக்கும். எத்தனை நாள் ஆச்சு சேர்த்து?"

"இன்னும் எட்டு நாள் கீதுங்க. முன்னாடியே வந்துடுச்சி."

"குட்டியைப் பார்த்தா அப்படித் தெரியலையே. நாள் நிறைஞ்ச குட்டி."

பின்னால் நின்ற என் வீட்டுக்காரர், "இல்ல டாக்டரு, அது மொத தபா..." என்று வாயைத் திறந்தார். நான் திரும்பிப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு, "அது சொல்றது தாங்க சரி" என்றார்.

டாக்டர் அப்படியே எழுதிக்கொண்டார்.

வெளியே வேப்பமரத்தடியில் ராத்தா ஒரு பிடி மண்ணை எடுத்துக் கையைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். நான் தண்ணீர் ஊற்றினேன். ஏழு தடவையும் ஊற்றினேன்.

வேலை போயிற்று. என் வீட்டுக்காரர் துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனார். பிச்சி இன்னும் ஏழு வருஷம் இருந்தது. ஒரு கடுவனையும் கிட்டே அண்டவிடவில்லை நான்.

அறுபது வருஷம் போல இந்தக் கதையை எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். கிளார்க்கு கொன்னான் என்று சொல்லுவேன். கேட்கிறவர்கள் எல்லாரும் அவரைத் திட்டுவார்கள். திட்டலாம். நாற்காலிக்காகப் பெட்டையைக் கெடுத்த ஆள் அவர். என் கோபம் ஒரு பிடி குறையவில்லை. ஆனால் போகியையும் ஓமத் தண்ணீரையும் குழாயடியையும் நான் ஒருத்தரிடமும் சொன்னதில்லை. தெரிந்தவர் என் வீட்டுக்காரர் ஒருத்தர் தான். அவர் சாகிற வரைக்கும், சண்டையில் கூட, வாயைத் திறக்கவில்லை.

கடிதம் போட்ட ஐயா, உம்முடைய பெட்டை மூலையில் போய்ப் போட்டுக்கொள்ளும் என்கிறீரே. ஆறு பிரசவம் பார்த்தவள் வீட்டில், மரப்பெட்டி இருந்த வீட்டில், நாள் தெரியாமல் ஒரு குட்டி செத்தது. உமக்கு நாள் தெரியுமா? பச்சைத் தண்ணி வந்தால் எந்த வண்டி? உம் வண்டிக்காரன் அன்றைக்கு எங்கே இருப்பான்? பதில் இருந்தால் ஜோடி சேர்த்து வையும். இல்லையென்றால் அந்த வாயில்லா ஜீவனை விட்டுவிடும்.

செல்வி, எழுதினது போதும். முதலில் இருந்து வேண்டாம். சுண்ணாம்பு அடித்த இடத்தைப் படி. "நானே முடிவு செய்தேன்" என்று சொன்னேனே, அதை விடாமல் எழுதினாயா? சத்தமாகப் படி.